மூலத்தைக் காப்பதும் தர்மமே

 

சென்ற சாரல் காலத்தில், நம் மத்ரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை அஸர் தொழுகைக்குப் பின் நம்மைச் சந்தித்தார். இங்கிலாந்தில் வாழும் அவருடைய மைத்துனர் குடும்பத்துடன் குற்றாலத்திற்கு வந்திருந்தார். அந்நாட்டில் ‘நேஷனல் டிரஸ்ட்’ என்னும் பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையில் அவர்கள் குடும்ப உறுப்பினர்களாம். ஒரே சந்தாவில் தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரும் அதன் பராமரிப்பிலுள்ள பழைய மாளிகைகளுக்கும் தோட்டங்களுக்கும் நுழைவுக் கட்டணமின்றிச் சென்று வருகிறார்களாம். “நம் நாட்டிலும் இன்டாக் என்று ஓர் அமைப்பு இருக்கிறதாமே ஹஜ்ரத்! நாங்களும் வீட்டோடு சேரலாமா? கோயில் ஓவியங்களையும் பாதுகாக்கிற அமைப்பில் நாம் சேருவது மார்க்கத்தில் கூடுமா?” என்று அவர் கேட்டார்.

‘கூடும்’ என்று அன்று ஒரு சொல்லில் விடையளித்தோம். அந்தக் கேள்விக்கு அது போதாது. விரிவாக விடை கூற வேண்டுமாயின், நாம் செய்த ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும்.

முதலில் மார்க்கத்தின் நிலையைப் பார்ப்போம். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்ட செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. மூலத்தை அப்படியே நிறுத்திவைத்து, அதன் விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது, அன்பளிப்பாக வழங்கப்படலாகாது, வாரிசுகளுக்குப் பங்கிடப்படலாகாது என்னும் நிபந்தனைகளுடன் உமர் (ரலி) அவர்கள் அதனை அறமாக்கினார்கள். வக்ஃப் எனும் ஏற்பாட்டின் அடித்தளம் இதுவே.

இனி அந்த இங்கிலாந்து அறக்கட்டளையைப் பாருங்கள். 1895ஆம் ஆண்டு ஆக்டேவியா ஹில் என்னும் பெண்மணியும், ராபர்ட் ஹண்டர், ஹார்ட்விக் ரான்ஸ்லி என்னும் இருவரும் சேர்ந்து அதனை நிறுவினர். தன் பொறுப்பிலுள்ள நிலத்தையும் கட்டடங்களையும் ‘எவருக்கும் கைமாற்ற இயலாதவை’ என்று அறிவிக்கும் உரிமையை 1907ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம் அதற்கு வழங்கியது. இன்று அதன் உறுப்பினர்கள் 50 லட்சத்திற்கும் மேற்பட்டோர். மூலத்தை விற்காமல் நிறுத்திவைத்து அதன் பயனை மக்களுக்கு வழங்குவது என்னும் பாடத்தை நாம் 1,400 ஆண்டுகளாக ஓதி வருகிறோம். ஓதியதை நம் ஊரில், நம் வீட்டில் கடைப்பிடித்தோமா?

நாம் கடைப்பிடிக்கவில்லை. அந்தத் தவறு இதுதான்.

நாம் ஓதிக்கொண்டிருந்த காலத்தில், ஒருநாள் மத்ரஸாவுக்கு வெள்ளையடிக்க ஏற்பாடாயிற்று. பரணிலிருந்து நான்கு சாக்குப் பழைய கிதாபுகள் இறக்கப்பட்டன. சில கறையான் அரித்தவை. சில கட்டு உடைந்தவை. கிழிந்த முஸ்ஹஃபுகளைக் காலில் மிதிபடாதவாறு தூய இடத்தில் புதைப்பதோ ஆற்றில் இறக்குவதோ நம் வழக்கம். அந்த வழக்கப்படியே அத்தனையையும் சிற்றாற்றில் இறக்கிவிடச் சொன்னார்கள். சாக்கின் வாயைக் கட்டும்போது ஒரு தாள் நம் கையோடு வந்தது. எழுத்து அரபு, மொழியோ தமிழ். ஓரத்தில் யாரோ ஒருவர் தம் பிள்ளைகள் பிறந்த ஹிஜ்ரி தேதிகளை வரிசையாகக் குறித்திருந்தார். அதனையும் உள்ளே திணித்தோம். சாக்குகளில் கல்லைக் கட்டி, மழை நீர் பெருகி ஓடிய ஆற்றில் இறக்கினோம். நன்மை செய்த நிறைவோடு திரும்பி வந்து பகலுணவு உண்டோம்.

அது அரபுத் தமிழ் என்பதும், அதன் மதிப்பும் பின்னாளில்தான் நமக்கு விளங்கின. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் ‘மகானீ’ போன்ற மார்க்கச் சட்ட நூல்களை அந்த எழுத்தில்தான் எழுதினார்கள். பள்ளிக்கூடம் செல்லாத நம் பாட்டிமார் தொழுகை, நோன்புச் சட்டங்களை வீட்டிலிருந்தே படித்தறிந்ததும் அந்த எழுத்தில்தான். இதே தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கியிருக்கும் பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப்பாடல்கள் இன்றும் ஓதப்படுகின்றன என்றால், அவற்றைப் படியெடுத்தும் மனத்தில் பதித்தும் காத்த குடும்பங்கள் இருந்தன என்பதே காரணம். நாம் ஆற்றில் இறக்கிய நான்கு சாக்குகளில் என்னென்ன இருந்தன என்று இனி எவராலும் கூற இயலாது. அவற்றை அழித்தவர் பகைவரோ அந்நியரோ அல்லர். ஒளூவோடு நின்ற மாணவர்களாகிய நாமே அழித்தோம்.

அதனால்தான் அந்தச் சகோதரரின் கேள்வியில் ‘வீட்டோடு’ என்ற சொல் நமக்கு முக்கியமாகப் படுகிறது. பழம்பொருள்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் இருக்கின்றன. உம்மாவின் பெட்டியில் நிக்காஹ் ஒப்பந்தத் தாள் இருக்கும். வாப்பாவின் அலமாரியில் கையெழுத்து மௌலிதுப் பிரதி இருக்கும். எதனை வைத்துக்கொள்வது, எதனைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடுவது என்பதை வீடு ஒழிக்கும் நாளில் பெண்களும் பிள்ளைகளுமே முடிவு செய்கிறார்கள். தந்தை ஒருவர் மட்டும் ஓர் அமைப்பில் சேர்ந்து, அதன் இதழைப் படித்துவிட்டு மடித்து வைத்தால் அந்த முடிவு மாறப்போவதில்லை. வீட்டார் அனைவரும் அறிந்திருந்தால்தான் மாறும்.

இன்டாக் 1984ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. தலைமையகம் புதுதில்லி, நாடெங்கும் இருநூறுக்கும் மேற்பட்ட கிளைகள் உள்ளன. பழைய கட்டடங்களைப் பட்டியலிடுவது, ஓவியங்களையும் ஏடுகளையும் செப்பனிடுவது, பள்ளிகளில் பாரம்பரிய மன்றங்கள் நடத்துவது ஆகியவை அதன் பணிகள். கணவர் பெயரோடு நின்றுவிடாமல் மனைவியும் பிள்ளைகளும் அதன் பணிகளில் பங்கேற்கும் வகையில் சேர வேண்டும் என்பதே நம் கருத்து.

இனி அவருடைய ஐயத்திற்கு வருவோம். குற்றாலத்துச் சித்திர சபையின் சுவர்களில் மூலிகை வண்ணங்களால் தீட்டப்பட்ட ஓவியங்கள் உள்ளன. அவை சொல்லும் கதைகள் நம் ஈமானுக்கு உட்பட்டவை அல்ல. அதில் மழுப்புவதற்கு ஒன்றுமில்லை. ஒரு வழிபாட்டுச் சடங்கிற்குப் பணம் கொடுப்பது வேறு; ஒரு முதியோன் கைத்திறன் உதிர்ந்து போகாமல் தடுக்கும் பொது அமைப்பில் உறுப்பினராயிருப்பது வேறு. மடங்களும் தேவாலயங்களும் யூதர் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் இடிக்கப்படாமல் காக்கப்படுவதை ஹஜ் அத்தியாயத்தின் 40ஆம் வசனம் ஒருசேரக் குறிப்பிடுகிறது. அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் எகிப்தை வென்றபோது பிரமிடுகள் அங்கே நின்றன, இன்றும் நிற்கின்றன. அண்டை வீட்டாரின் பழம்பொருள் நம் கண்முன் கெட்டழியாமல் பார்த்துக்கொள்வது அமானிதத்தின் ஒரு பகுதி என்றே கருதுகிறோம். இதில் மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உள்ளனர். அவர்களுடைய பேணுதலை மதிக்கிறோம்.

‘ஏழைகள் இருக்கக் கல்லுக்கும் காகிதத்துக்கும் காசா?’ என்றும் சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சந்தாப் பணத்தை ஸகாத்தில் கணக்கிடக் கூடாது. ஸகாத்துக்குரிய எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுத்துவிட்டது. வறியவருக்குரிய ஸதகாவையும் குறைக்க வேண்டாம். சீசன் நாளில் அருவிக்குச் சென்று திரும்பும்போது கடைவீதியில் நாம் விட்டுவரும் பணத்திலிருந்து இதனை எடுக்கலாமே!

அருவி என்றதும் இன்னொன்று. அந்த அருவியும் ஒரு பாரம்பரியச் சொத்துதான். அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கிறது. ஆயினும் கரையோரம் கிடக்கும் ஷாம்பு உறைகளை நாம் ஒவ்வோர் ஆண்டும் காண்கிறோம். ஓடும் ஆற்றில் ஒளூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்று ஓதிய சமுதாயம், ஐந்தருவிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது அந்தப் பாடத்தையும் உடன் எடுத்துச் செல்ல வேண்டும்.

தென்காசிக் காசி விசுவநாதர் கோயிலில் பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டு ஒன்று உண்டு. 15ஆம் நூற்றாண்டில் கோயிலை எழுப்பிய அம்மன்னன், பிற்காலத்தில் இதற்கு ஏதேனும் பழுது நேர்ந்து அதனைச் சீர்செய்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாக அதில் கூறுகிறான். கோபுரம் பின்னாளில் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்று, 1990இல் மீண்டும் எழுந்ததை ஊர் அறியும். அம்மன்னனின் வழிபாடு வேறு. நம் வழிபாடு வேறு. நாம் பணிவது அல்லாஹ் ஒருவனுக்கே. ஆயினும், கட்டியவனைவிடக் காப்பவன் மேல் என்று ஓர் அரசன் எண்ணியது நம்மை வெட்கப்படச் செய்கிறது. புதுப் பள்ளி கட்டியவர்களின் பெயரைச் சலவைக்கல்லில் பொறிக்கிறோம். பழைய பள்ளியின் கல்வெட்டு எனாமல் பெயின்டுக்கு அடியில் மறைந்ததை எவரும் கேட்பதில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் கல்தூண்களோடு நிற்கும் பழம்பள்ளிகளைக் கண்டவர்களுக்கு, நம் மஹல்லாக்களில் எவையெல்லாம் போய்விட்டன என்பது புரியும்.

ஆகவே சில வேண்டுகோள்கள். இயன்ற குடும்பங்கள் இத்தகைய அமைப்பில் சேருங்கள். சேர்ந்தபின் பார்வையாளராய் இருந்துவிடாமல், நம் பள்ளிகளையும் மையவாடிகளிலுள்ள பழைய மீஸான் கற்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமென்ட் பூசுமுன் விவரம் அறிந்தவரிடம் கேளுங்கள். உள்ளே அடைபடும் ஈரம் சுவரைக் கெடுக்கும். கிழிந்த ஏட்டில் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். பழைய கிதாபுகளை ஆற்றில் இறக்குமுன், அரபுத் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒவ்வொரு தாளையும் காட்டுங்கள்.

அந்தச் சகோதரர் சென்ற வாரம் மீண்டும் வந்தார். கையில் ஒரு துணிப்பொட்டலம். அவருடைய மகள், பெரியம்மாவின் பெட்டியிலிருந்து எடுத்து, “ஹஜ்ரத்திடம் காட்டாமல் போட வேண்டாம்” என்று கூறி அனுப்பிய கிதாபு அது. முதல் நான்கு தாள்கள் இல்லை. எழுத்து அரபு, மொழி தமிழ். இம்முறை ஆற்றுக்குப் போகவில்லை. நிழலில் விரித்து வைத்து, மாணவர்களை அருகில் அமர்த்தி, வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம்.

நம் முன்னோர் விட்டுச்சென்ற அமானிதங்களைப் பேணும் நல்லுணர்வை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வழங்குவானாக! அறியாமையால் நாம் இழந்தவற்றிற்காக நம்மை மன்னிப்பானாக! ஆமீன்.