முயல் கால் புண்ணுக்கு மருந்து கூண்டில் இருக்கிறது

"அக்கா, முயலுக்குப் பின்னங்கால் தோல் காய்ஞ்சு வெடிச்சிருக்கு. என்ன களிம்பு போடலாம்?" ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட என்னிடம் இதைக் கேட்கிறார்கள். தையல் கடை வாசலில் நான் முயல் வளர்ப்பது தெருவுக்கே தெரியும். கூண்டுத் தரை எப்படி என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் கம்பிவலை என்பார்கள். அப்படியானால் களிம்புப் பேச்சு அப்புறம்.

நாய்க்கும் பூனைக்கும் பாதத்தில் சதைத் திண்டு உண்டு. முயலுக்கு அது கிடையாது, அடர்ந்த முடி மட்டும்தான். கம்பியில் நாள் முழுக்க உட்கார்ந்தால் பாரமெல்லாம் இரண்டு குதிகாலில் இறங்கும். முடி தேயும், தோல் காய்ந்து வெடிக்கும், புண்ணாகும். விட்டால் சீழ் கோத்து எலும்பு வரை போகும். கொடைக்கானல் மன்னவனூர் ஆராய்ச்சி மையத்தில் வளர்க்கிற வெள்ளை ஜெயன்ட் மாதிரியான கனத்த ரகம் என்றால் ஆபத்து அதிகம். ரெக்ஸ் ரகத்துக்கோ முடியே குட்டை. நகம் வெட்டாமல் நீண்டிருந்தால் பாரம் இன்னும் குதிகால் பக்கம் சாயும். மூத்திர ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வலைத்தரை பண்ணைக்காரர் ஏற்பாடு. புழுக்கை கீழே விழுந்துவிடும், கழுவும் வேலை மிச்சம். கறிக்கு வளர்க்கும் முயல் சுமார் 3 மாதத்தில் விற்றுப்போகும். வீட்டு முயல் 8, 10 வருஷம் இருக்கும். இரண்டுக்கும் ஒரே கூண்டை விற்பது என்ன நியாயம்?

வலைமேல் ஒரு மரப்பலகை போடுங்கள்; பெயின்ட், வார்னிஷ் இல்லாததாக. இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்றைக் கழுவி வெயிலில் காயப்போடலாம். அதன்மேல் காய்ந்த வைக்கோல் தாராளமாக. துணி விரிப்பதானால் தொழில்காரி சொல்கிறேன், டர்க்கி டவல் வேண்டாம். அந்த நூல் வளையத்தில் நகம் மாட்டி முயல் இழுத்துக்கொள்ளும். சாக்கும் பிரிபிரியாக வரும், கடித்து விழுங்கிவிடும். ஓரம் பிரியாத ஃப்ளீஸ் போர்வைத் துண்டு நல்லது, அதையும் கடிக்கிறதா என்று கவனியுங்கள்.

குதிகாலில் முடிக்கு நடுவே சின்னதாகக் காய்ப்பு இருந்தால் பதற வேண்டாம். சிவப்பு, வீக்கம், ரத்தம், பொருக்கு இருந்தால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். சொறிப்பூச்சியாலும் பொருக்கு கட்டும், அதற்கு வைத்தியம் வேறு. வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைத் தடவாதீர்கள். முயல் காலை நக்கும், மருந்து வயிற்றுக்குள் போகும். தேங்காய் எண்ணெய் முடியைப் பிசுபிசுக்க வைத்து அழுக்கை ஒட்டவைக்கும். மீந்துபோன அமாக்ஸிசிலினை வாயில் ஊற்றினால் குடல் கெட்டு உயிரே போகலாம். காலைப் பார்க்கிறேன் என்று மல்லாத்தவும் வேண்டாம், உதறுகிற வேகத்தில் முதுகெலும்பு முறியலாம். தீனியைத் தொடாமல் அரை நாள் கிடந்தால் அது அவசரம்.

செல்லப்பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளில் நாய், பூனையோடு முயலும் இருக்கிறது. கடைக்குப் பதிவு கொடுக்கும் அதிகாரிகள் ஒன்றே ஒன்றைக் கட்டாயமாக்கலாம்: பலகை இல்லாமல் முயல் கூண்டு விற்கக் கூடாது. விலை ஏறும் என்று கடைக்காரர் முனகுவார். ஒரு பலகைத் துண்டுக்கு எவ்வளவு ஏறிவிடும்?