பூட்டிய கை போட்ட மாலை

யாருக்காவது ஒரு கௌரவம் அறிவிக்கப்பட்டால் உடனே கை தட்டிவிடாதீர்கள். யார் கொடுக்கிறார்கள், எப்போது கொடுக்கிறார்கள், கொடுக்கும்போது எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கொஞ்சம் பாருங்கள். அப்புறம் தட்டலாம். கை எங்கேயும் போய்விடாது.

அமெரிக்காவில் ஃபிகர் ஸ்கேட்டிங்குக்கென்று ஒரு 'ஹால் ஆஃப் ஃபேம்' இருக்கிறது. புகழ் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976ல் ஆரம்பித்தது. அந்த விளையாட்டின் தேசிய சங்கமே நடத்துகிறது. 1948லும் 1952லும் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய டிக் பட்டன் மாதிரி சாம்பியன்கள் மட்டுமில்லை, பயிற்சியாளர்கள், விளையாட்டுக்காக உழைத்தவர்கள் என்று எல்லோருக்கும் இடம் உண்டு.

1997ல் அதில் மேபல் ஃபேர்பேங்ஸ் என்ற பெயர் சேர்ந்தது. அந்த மண்டபத்துக்குள் போன முதல் கறுப்பினத்தவர். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

"நல்ல விஷயம்தானே, இதில் என்ன குறை கண்டுபிடிக்கப் போகிறீர்?" என்கிறீர்களா? இருங்கள்.

மேபல் 1915ல் பிறந்தவர். கறுப்பினமும் செமினோல் பழங்குடியும் கலந்த ரத்தம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். நியூயார்க்கில் வளர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஸ்கேட்டிங் பைத்தியம். செகண்ட் ஹேண்ட் கடையில் ஒரு ஜோடி ஷூ வாங்கினார். காலுக்குப் பெரிசு. உள்ளே பஞ்சை அடைத்துக்கொண்டு சென்ட்ரல் பார்க்கில் உறைந்து கிடந்த தண்ணீரில் சறுக்கிப் பழகினார். 1930களில் உள்ளரங்குக்குப் போனால், தோலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போனார். மறுபடி அனுப்பினார்கள். ஒரு கட்டத்தில் மேனேஜருக்கே சலித்துப்போய் உள்ளே விட்டார். அங்கே அவரைப் பார்த்து நுணுக்கங்கள் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் மாரிபெல் வின்சன். ஒன்பது முறை தேசிய சாம்பியன், வெள்ளைக்காரப் பெண். எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

ஆனால் போட்டி? அங்கேதான் சூட்சுமம். தேசியப் போட்டிக்கு வரவேண்டுமென்றால் சங்கத்தோடு இணைந்த ஒரு கிளப்பில் உறுப்பினராக இருக்க வேண்டும். கிளப்பில் உறுப்பினராக வேண்டுமென்றால் வெள்ளைத் தோல் வேண்டும். தேசியப் போட்டி இல்லாமல் ஒலிம்பிக் இல்லை. 'நீ கறுப்பு, வராதே' என்று சங்கம் எங்கேயும் போர்டு மாட்டத் தேவையே இல்லை. வாசலில் நிற்கும் கிளப் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். என்ன சாமர்த்தியம், பாருங்கள்!

மேபல் காட்சிகளில் ஆடினார். 1940களில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். பிறகு பயிற்சியாளர் ஆனார். காசு கொடுக்க முடியாத பிள்ளைகளுக்குச் சும்மாவே கற்றுக்கொடுத்தார். அடோய் வில்சன் என்ற கறுப்பினச் சிறுவனை 1965ல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளப்பில் போராடிச் சேர்த்தார். அடுத்த வருடமே, 1966ல், அந்தப் பையன் 'நாவிஸ்' பிரிவில் தேசியப் பட்டம் வாங்கினான். கதவைத் திறந்த மறு வருடமே சாம்பியன் என்றால், அதற்கு முன்னால் எத்தனை பேர் வாசலோடு திரும்பிப் போயிருப்பார்கள்? இதற்கு எந்த மண்டபத்திலும் கணக்கு இல்லை.

டை பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் என்ற இரண்டு குழந்தைகளை ஜோடி சேர்த்ததும் மேபல்தான். கையைப் பிடித்துக்கொள்ளக் கூச்சப்படும் வயசு. வளர்ந்து, வேறு பயிற்சியாளரிடம் போய், 1979ல் உலக சாம்பியன் ஆனார்கள். அதற்கப்புறம் ஓர் அமெரிக்க ஜோடி அந்தப் பட்டத்தைத் தொட 2022 வரை ஆயிற்று.

இவ்வளவு செய்தவரைத்தான் 1997ல் மண்டபத்தில் வைத்தார்கள். எதற்காக? பயிற்சியாளராக அவர் ஆற்றிய பங்களிப்புக்காக. எனக்கு இந்த 'பங்களிப்பு' என்ற வார்த்தைதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவர் பங்களிக்க வந்தவர் இல்லை சார், ஆட வந்தவர். ஆடவிடாமல் தடுத்தீர்கள். தடுத்த இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கதவு திறந்தார். அதை எடுத்துப் 'பங்களிப்பு' என்று எழுதி, கீழே தன் முத்திரையையும் குத்திக்கொள்கிறது சங்கம்.

"1997ல் இருந்தவர்கள் 1930ல் இருந்தவர்கள் இல்லையே?" என்று ஒரு கேள்வி வரும். நியாயம். ஆனால் பழைய பதக்கங்களையும் பழைய சாம்பியன்களையும் மட்டும் 'நம்முடையது' என்று கண்ணாடிப் பெட்டியில் வைக்கிறீர்களே, பழைய பூட்டு மட்டும் எப்படி வேற்றாள் வீட்டுப் பூட்டாகிவிடும்? சொத்து வேண்டும், கடன் வேண்டாம் என்றால் எப்படி?

இன்னொன்றும் சொல்வார்கள். ஒலிம்பிக் போய் நட்சத்திரமாகியிருந்தால் இன்றைய மேபலாக இருந்திருக்க மாட்டேன் என்று அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஆமாம், சொன்னார். அது அவருடைய பெருந்தன்மை. அதைச் சங்கம் எடுத்துத் தனக்கு ரசீது போட்டுக்கொள்ளக் கூடாது.

தாமதத்தையாவது மன்னிக்கலாம். 1961ல் பெல்ஜியத்தில் விமானம் விழுந்து அமெரிக்க அணி முழுவதும் இறந்துபோனது, மாரிபெல் வின்சன் உட்பட. அந்த அணியை மண்டபத்தில் சேர்த்தது 2011ல். மண்டபங்களுக்குக் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும் போல. ஆனால் அந்த அணியைக் கௌரவித்தபோது என்ன நடந்தது என்று சொன்னார்கள். விபத்து என்பதால் சொல்ல முடிந்தது. மேபலுக்கு நடந்தது விபத்தா?

2001 செப்டம்பர் 29 அன்று மேபல் இறந்தார். 2021ல் சங்கம் அவர் பெயரில் ஒரு நிதி தொடங்கியது. கறுப்பின, பழங்குடி, பிற சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு உதவ. ஆட்டோகிராஃபில் அவர் எழுதும் 'ஸ்கேட்டிங்லி யுவர்ஸ்' என்பதையே பெயராக வைத்தார்கள். முதலில் உதவி பெற்றவர் ஸ்டார் ஆண்ட்ரூஸ். 2022ல் அவர் கனடா கிராண்ட் ப்ரீயில் வெள்ளி வாங்கினார். அந்தப் போட்டித் தொடரில் பதக்கம் வாங்கிய முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண். இதற்கு நான் தாராளமாகக் கை தட்டுகிறேன். ஷூ, கோச், பனித்தரை வாடகை என்று பணத்தைத் தின்னும் விளையாட்டில் பூட்டுக்கு இப்போது பெயர் பணம். அதைத் திறக்கக் காசுதான் வேண்டும்.

பெயர்ப்பலகை விஷயத்தில் மட்டும் பாக்கி இருக்கிறது. மேபலின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரே ஒரு வரி: 'இவரை எங்கள் கிளப்புகள் சேர்த்துக்கொள்ளவில்லை.' எழுதுவதற்கு ஓவியருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது.