பின்னல் பெண்களுக்கு மட்டும்தானா?



நம் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கைவேலை. பெண்கள் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்து உல்லன் நூலில் பின்னல் பழகுகிறோம். பையன்கள் கிரவுண்டுக்கு ஓடிவிடுகிறார்கள். இது சரியா? பையன்களும் உட்கார்ந்து பின்னல் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. (இதைப் படித்துவிட்டு யாரும் சண்டைக்கு வரக்கூடாது!)

"பின்னல் என்ன பெரிய வித்தையா?" என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். ஆரம்பத்தில் தெரிய வேண்டியது இரண்டே கண்ணிதான். இடது கை ஊசியில் 20 வளையம் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த வளையத்துக்குத்தான் கண்ணி என்று பேர். நூலைப் பின்பக்கம் வைத்து, வலது ஊசியைக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழைத்து, நூலைச் சுற்றி இழுத்து, பழைய கண்ணியை நழுவ விட்டால் அது நேர்க்கண்ணி. நூலை முன்பக்கம் வைத்து, ஊசியைப் பின்னாலிருந்து நம் பக்கமாக நுழைத்துப் போட்டால் அது புரட்டுக்கண்ணி. அவ்வளவுதான்! முதல் வாரம் எல்லோருக்கும் கண்ணி நழுவும். 20 கண்ணி 17 ஆகும், இல்லாவிட்டால் 23 ஆகும். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் சரியாகிவிடும். நூலை ரொம்ப இறுக்கினால் அடுத்த வரிசையில் ஊசி நுழையாது.

இப்போது நீங்கள் போட்டிருக்கும் பனியனைப் பாருங்கள். வெளிப்பக்கம் ஆங்கில 'வி' எழுத்து மாதிரி சின்னச் சின்னதாக அடுக்கி இருக்கும். உள்பக்கம் குறுக்காக மேடு மேடாகத் தெரியும். ஒரு வரிசை நேர், ஒரு வரிசை புரட்டு என்று நாங்கள் பின்னும் துண்டிலும் இதேதான் வருகிறது! கழுத்துப்பட்டி ஏன் நன்றாக இழுபடுகிறது? அதில் நேரும் புரட்டும் பக்கத்துப் பக்கத்தில் மாறி மாறி வருகிறது. வேட்டி, சேலையெல்லாம் பாவும் ஊடையும் வைத்து நெய்தது. பனியன், டீ-சர்ட், சாக்ஸ் எல்லாம் கண்ணி கோத்துப் பின்னியது.

நம் ஊரிலிருந்து தினமும் காலையில் பனியன் கம்பெனி வண்டி திருப்பூருக்குப் போகிறது. அங்கே நிட்டிங் மெஷினில் ஆயிரக்கணக்கான ஊசிகள் வட்டமாக இருந்து இதே கண்ணியைத்தான் போடுகின்றன. அந்த மெஷினை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் அண்ணன்மார்தான். அக்காமார் பெரும்பாலும் கைமடி, செக்கிங், பேக்கிங் என்று போகிறார்கள். யோசித்துப் பாருங்கள். மெஷினில் சம்பளத்துக்குப் பின்னினால் ஆம்பள வேலை, வராந்தாவில் சும்மா பின்னினால் பொம்பள வேலையா? இது என்னங்க நியாயம்?

போன மாதம் ஒரு தம்பி ஆசையாக வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஊசியைக் கையில் எடுத்து நாலு கண்ணிகூடப் போட்டிருக்க மாட்டான். கிரவுண்டில் இருந்தவர்கள் "ஏய், பொட்டப்புள்ள!" என்று கத்தினார்கள். அவன் ஊசியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அப்புறம் அவன் வரவே இல்லை. கத்தியவர்களுக்கு அது ஒரு நிமிட விளையாட்டு. அந்தத் தம்பிக்கு ஒரு தொழிலே போயிருக்கலாம்.

வெளிநாட்டில் எப்படி என்று பார்ப்போம். தென் அமெரிக்காவில் பெரு நாட்டில் தக்கீலே என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள்தான். சின்ன வயதிலேயே பையன்கள் பழகிவிடுகிறார்கள். அந்தத் தீவின் நெசவையும் பின்னலையும் யுனெஸ்கோ 2005-ல் சிறப்பித்திருக்கிறது. காலுறை பின்னும் இயந்திரத்தை 1589-ல் கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நீச்சல்குளத்தில் பாய்ந்து தங்கம் வாங்கிய டாம் டேலி, கேலரியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்ததை உலகமே பார்த்தது. தன் பதக்கத்துக்கு அவரே ஒரு பை பின்னினார். அவரை யாராவது கேலி செய்ய முடியுமா?

"நம்ம ஊர் வெயிலுக்கு ஸ்வெட்டர் எதுக்கு?" என்பார்கள். ஸ்வெட்டர்தான் பின்ன வேண்டும் என்று இல்லை. கிழிந்த பனியனை நாடாவாக வெட்டிப் பின்னினால் மிதியடி ஆகும், செலவே இல்லை. "அந்த பீரியடில் கணக்கு போடலாமே" என்றும் சொல்வார்கள். 4 அங்குலத்துக்கு 20 கண்ணி என்றால் 10 அங்குல அகலத்துக்கு எத்தனை கண்ணி? இதுவும் கணக்குதானே!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பையன்கள் வராந்தாவுக்கு வந்தால் மட்டும் போதாது. கிரவுண்டு எங்களுக்கும் வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் கைவேலை, அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் விளையாட்டு என்று வைத்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. தலைமை ஆசிரியர் அவர்களும் கைவேலை டீச்சரும் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு மறுப்பு இருந்தால் பையன்கள் அடுத்த இதழில் தாராளமாக எழுதலாம். ஆனால் எழுதுவதற்கு முன்னால் 20 கண்ணி போட்டுவிட்டு எழுதுங்கள்!



– 9-ஆம் வகுப்பு மாணவி