வேகமும் பேணலும்

விழா மலரிலே தமிழாசிரியர் எழுதுவதாயின் மொழியைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ எழுதுவதே முறை என்பர் சிலர். நாம் இம்முறை மோட்டார் வண்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவருட் சிலர் பழைய ஸ்போட்ஸ் கார்களை வாங்கி, அவற்றின் வலுவைக் கூட்டுவதிலேயே கருத்தாயிருக்கின்றனர். உயிரோடு தொடர்புடைய பொருளாதலின் வாளாவிருத்தல் தகாது. முதலில் வண்டியைப் பேணுக. அதன்பின் மாற்றுவதாயின், ஓடும் வலுவுக்கு முன் நிறுத்தும் வலுவைக் கூட்டுக. நாம் கூறவந்தது இதுவே.

எடுத்துக்காட்டாக, 1958 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் சிறு காரைக் கொள்வோம். முன்விளக்குகளின் தோற்றத்தால் 'தவளைக்கண்' என்று பெயர்பெற்றது அது. நம் நாட்டார் நன்கறிந்த மொறிஸ் மைனர் 1000 வண்டியில் இருந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் இனமே இதிலும் உண்டு. இரட்டைக் காபரேற்றருடன் அது தந்த வலு 43 குதிரைவலுவே. எனினும் வண்டியின் எடை ஏறக்குறைய 660 கிலோகிராம் மாத்திரமாதலின், அச்சிறு வலுவே ஓட்டுவோர்க்குப் பேரின்பம் அளித்தது. ஆகவே, எடையைக் கூட்டும் எம்மாற்றமும் அதன் இயல்பைக் கெடுப்பதாகும்.

பேணலில் முதலாவது துருவை நாடுதல். இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் இல்லை, உடலே சட்டம். பின்புற ஸ்பிறிங்குகள் இருக்கைகளுக்குப் பின்னே தளத்தோடிணைந்த இரும்புப் பெட்டிகளிற் பொருத்தப்பட்டுள்ளன. அப்பெட்டிகளைத் துரு தின்றுவிட்டால், மேற்பூச்சு எவ்வளவு மின்னினும் வண்டி தெருவுக்கு உதவாது. பழுதான தகட்டை வெட்டி நீக்கிப் புதுத் தகட்டை ஒட்டுதலே வழி. பசை அப்பி வர்ணம் பூசுதல் தன்னைத்தானே ஏமாற்றுதலாகும். இவற்றைப் பார்க்கும்போது ஜாக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ்ப் புகுதல் ஒருபோதும் ஆகாது. உறுதியான தாங்கிகளை இடுதல் வேண்டும்.

அடுத்தது உராய்வைக் காத்தல். முன்சில்லுகள் திரும்புதற்கு ஆதாரமான கிங்பின்களுக்கு 1000 மைலுக்கொருமுறை கிறீஸ் ஏற்றுக. எஞ்சின் எண்ணெயை 3000 மைலுக்கொருமுறை மாற்றுக. குறைவாக ஓட்டுவோர் ஆண்டுக்கொருமுறையேனும் மாற்றுக. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் வால்வு இடைவெளியை 0.012 அங்குலமாக்குக. இரு காபரேற்றர்களும் ஒத்த அளவிற் காற்றை இழுக்கின்றனவா என்று பார்க்க. வலுக் குறைந்ததென்று வருந்துவோர் பலர்க்கு, இழந்த வலு இவ்வளவிலேயே மீளும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. பிரேக் சூடேறும்போது அந்நீர் கொதித்து ஆவியாக, மிதிகட்டை வெறுமனே தாழும், வண்டி நில்லாது. ஆதலால் இரண்டாண்டுக்கொருமுறை அதனை மாற்றுதல் வேண்டும். ரயர் தேயாதிருப்பினும், ஆண்டுகள் பல சென்றால் ரப்பர் இறுகி வெடிக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இனி மாற்றங்கள். மணிக்கு 60 மைல் வேகத்தில் ஓடும் வண்டி 80 மைல் வேகம் எய்துமாயின், வேகம் மூன்றிலொரு பங்கே கூடுகின்றது. பிரேக் அடக்கவேண்டிய இயக்கச் சக்தியோ ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்காகின்றது. முதலில் வந்த ஸ்பிறைற்றில் நான்கு சில்லுகளுக்கும் டிறம் பிரேக்குகளே இருந்தன. 1962 இல் எஞ்சினை 1098 கன சென்ரிமீற்றராகப் பெருக்கியபோது, செய்தோர் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கையும் உடன் பொருத்தினர். அவர் கொண்ட முறையே நமக்கும் முறை.

1966 இல் வந்த 1275 கன சென்ரிமீற்றர் எஞ்சினைப் பழைய வண்டியில் ஏற்றுவோர் பலர். தொடக்ககால வண்டிகளின் பின் அச்சுத்தண்டுகள் அம்மிகை வலுவைத் தாங்காது முறிதல் உண்டு. அச்சை நோக்காது எஞ்சினை நோக்குவோர் தேரின் அச்சாணியை மறந்து கொடியை அலங்கரிப்போரை ஒப்பர். மிக அகன்ற ரயர்களும் அத்தகையனவே. அவை ஸ்ரியறிங்கைக் கனக்கச் செய்து, சில்லின் பெயறிங்குகளையும் வருத்தும். எம்மாற்றத்தையும் ஒவ்வொன்றாகச் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்து, கண்டதைக் குறித்துவைத்த பின்னரே அடுத்ததைத் தொடங்குக. கழற்றிய உறுப்புகளை எறியாது வைத்திருங்கள்.

பேணுதல் சலிப்பூட்டும் வேலை, மாற்றுதலே அறிவுக்கு விருந்து என்பாரும் உளர். மாற்றுதல் அறிவுத்தொழில் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அவ்வறிவு பேணுவார்க்கே வாய்க்கும். 1990களிற் பெற்றோல் கிடையாதிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தின் பழைய மொறிஸ், ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் ஒரு மாற்றமே. ஒவ்வோர் ஆணியையும் ஆண்டாண்டாகத் தொட்டுப் பேணிய மெக்கானிக்மாரின் கைகளே அதனை இயற்றின. அக்கைகளைத் தாழ்வாகக் கருதும் வழக்கம் நம்மவரிடை இன்னும் அகலவில்லை. மாணவர் அதனைக் கைவிடுதல் வேண்டும்.

பெரிய எஞ்சினுக்குப் பணம் அனுப்ப எண்ணும் அன்பர்களே, அதற்கு முன் ஒருநாள் ஒதுக்கி, வண்டியை உயர்த்தி நிறுத்தி, ஸ்பிறிங் பெட்டிகளையும் பிரேக் குழாய்களையும் உங்கள் கையாலேயே தடவிப் பாருங்கள். அவை செவ்வனே இருப்பின் எஞ்சினைப் பற்றிப் பின்னர் ஆலோசிக்கலாம்.