யாரு வீட்டுத் தமிழ்?

ஊருக்கெல்லாம் மருந்து என்றால் மாத்திரை, டானிக். சிவகாசிப் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. ‘மருந்து செலுத்தும்போது உராய்வு’ என்று செய்தித்தாள்கள் எழுதிச் சலித்த மருந்து. கம்ப்யூட்டருக்கு இது தானாகத் தெரியாது; கொட்டிய எழுத்தையும் பேச்சையும் வைத்துத்தான் படிக்கிறது. கொட்டுவது யாரு வீட்டுத் தமிழ், தோழர்களே?

விருதுநகர் மாவட்டத்தில் கணினிப் பொறியியல் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு இது மார்க்குக்கான புராஜெக்ட் மட்டுமல்ல. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருளில் இலவசம் அல்ல சங்கதி. திறந்து பார்க்க, மாற்ற, பகிர உரிமை. கேட்கவே கூடாதென்று ஏடுகளைப் பூட்டிய நாட்டில் இது சின்ன விஷயமா?

2017இல் மோசில்லா தொடங்கிய காமன் வாய்ஸில் தமிழ்க் குரல்களும் சேர்கின்றன. நம்ம அம்மாக்கள் குரலும் போகட்டும் என்பார்கள். கொஞ்சம் பொறுங்க. அது சிசி ஜீரோ உரிமம். எந்தக் கம்பெனியும் நிபந்தனையின்றி எடுத்துக்கொள்ளலாம். ஜிபிஎல் வேறு. நிரலை மாற்றிப் பரப்புகிறவன் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுத்தாகணும். தரவுக்கும் இப்படி நிபந்தனை போடும் உரிமங்கள் உண்டு. கூலிக்கு மருந்து செலுத்தியவள் குரலைச் சும்மா கொடுத்துவிட்டு, பிறகு காசுக்கு வாங்குவதா? வங்கிக்காரன் சொல்றேன், நிபந்தனை படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. பதிவு செய்யுங்கள், எந்த உரிமத்தில் என்பதை அம்மாவையும் உட்காரவைத்து முடிவெடுங்கள்.