பழத்துக்கு மேல் சர்க்கரை எதற்கு?

காஞ்சிபுரம் செவிலிமேட்டில் இந்த வாரம் போயிருந்த ஒரு நெசவாளர் வீட்டில், எட்டு மாதக் குழந்தைக்கு ஏலக்கி வாழைப்பழம் மசித்துக்கொண்டிருந்தார் பாட்டி. தோல் கறுத்து நன்றாகக் கனிந்த பழம். மசித்து முடித்ததும் அதன் மேல் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். "இனிப்பு இருந்தாதாம்பா புள்ள வாய் தொறக்கும்" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

சர்க்கரையோடு எனக்குள்ள வழக்கு இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குப் பழசு. பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் சேனையை எதிர்த்து எழுதியபோது கோபித்துக்கொண்டவர்கள் பலர். அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான். அதன்பின் இரண்டு வயதுவரை சர்க்கரை மிகுந்த பண்டங்கள் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலே சொல்கிறது. தேன் நல்லதுதானே என்பார்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடும்.

இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் சர்க்கரை சேர்க்கப்படுகிறது என்று சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரலில் சொன்னபோது எத்தனை பேர் கொதித்தோம்! கம்பெனி போட்டால் குற்றம், நம் கையால் போட்டால் பாசமா?

பழமே இனிப்புதான். ஆப்பிளைத் தோல் சீவி ஆவியில் வேகவைத்து மசித்தால் போதும். சப்போட்டாவில் கொட்டையை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இன்னும் நன்றாகச் செய்ய நினைப்பவர்கள், கேழ்வரகை இரவே ஊறவைத்து, அரைத்து, வேட்டித் துணியில் பால் பிழிந்து, சிறு தீயில் கிண்டலாம். பளபளவென்று திரண்டதும் இறக்கி ஆறவைத்து, மசித்த பப்பாளியைக் கலந்தால் அல்வா மாதிரி இருக்கும். பப்பாளியின் வைட்டமின் சி, கேழ்வரகின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் உதவும். புதுப் பழம் எதுவானாலும் ஒரு சமயத்தில் ஒன்று கொடுத்து, மூன்று நாள் பார்த்து, அடுத்ததற்குப் போகலாம்.

இதையெல்லாம் பாட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது உள்ளே தறிச் சத்தம் நிற்கவே இல்லை. குழந்தையின் அம்மா தறியில் இருந்தார். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் ஆகாது, கரை நாடாவைத் தள்ள பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். பல வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவிதான். அவர் எழுந்தால் தறி நிற்கும். கூலியோ சேலைக்கு இவ்வளவு என்றுதான். அதில் எத்தனை கைகள் உழைத்தன என்று யாரும் கேட்பதில்லை. நெய்யாத நேரத்தில் நாடாவுக்கான நூலைத் தாரில் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களே.

காஞ்சிப் பட்டின் ஜரிகையைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. அதே வீட்டில் ஒரு குழந்தைக்கு நிதானமாக ஊட்ட யாருக்கு நேரம் இருக்கிறது என்று பேசியிருக்கிறோமா? குழந்தை வாய் திறக்கும்வரை காத்திருக்கப் பொழுதில்லாத இடத்தில்தான் சர்க்கரை உள்ளே வருகிறது. பாட்டி மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. மூட்டு வலியோடு, சமையலையும் பார்த்துக்கொண்டு, அவர் ஒருவர்தான் அந்தக் குழந்தையோடு இருக்கிறார்.

ஆகவே தறிக்காரத் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். மனைவியோடு நீங்களும் கால் மணி நேரம் தறியை நிறுத்துங்கள். பழத்தை நீங்கள் மசியுங்கள், நீங்களே ஊட்டுங்கள். குழந்தை துப்பினால் துடைத்துவிட்டு மறுநாள் மறுபடி கொடுங்கள். புதுச் சுவை பிடிபடப் பல முறை ஆகும். சர்க்கரை டப்பா மட்டும் பரண்மேல் இருக்கட்டும்.