சொல்லும் பொருளும்: நிரூபித்தல்

"எங்கள் தேயிலையே உயர்ந்தது என நிரூபிக்கிறோம்" என்று ஒருவர் விளம்பரம் செய்கிறார். ஓர் அரசியல்வாதி தம் கட்சியே மக்கள் கட்சி என்று மேடையில் "நிரூபித்ததாக" மறுநாள் செய்தி வருகிறது. முன்னவர் தம் சரக்கைப் புகழ்ந்தார். பின்னவர் உரக்கப் பேசினார். நிரூபணம் எங்கே நடந்தது என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

நிரூபணம் வடசொல். உற்று நோக்குதல், ஆராய்ந்து வரையறுத்தல் என்பன அம்மொழியில் அதற்குரிய பொருள்கள். தமிழிலும் தெலுங்கிலும் மெய்யென்று காட்டுதல் என்னும் பொருளே ஓங்கி நிற்கிறது. இரு மொழியும் கலந்து ஒலிக்கும் எங்கள் திருத்தணிக் கடைத்தெருவில் இச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பே வேண்டுவதில்லை. (மாணாக்கர் பலர் 'நிருபி' என்று குறிலிட்டு எழுதுகிறார்கள். நிருபம் என்பது கடிதம். அதன் வழிவந்தவர் நிருபர். நிருபர் எழுதுவதெல்லாம் நிரூபணம் ஆகிவிடாது!)

மெய்ப்பித்தல், நிறுவுதல் என்ற தமிழ்ச் சொற்கள் நமக்கு இன்னும் உவப்பானவை. நிறுத்தல் என்றால் நிற்கச் செய்தல். தராசில் எடையிடுதலும் அதுவே. எதிரியும் முள்ளைப் பார்த்து ஒப்ப வேண்டும். கண்ணகி கண்ணீரோடு நின்றுவிடவில்லை, சிலம்பை உடைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து, தெறித்ததோ மாணிக்கம். பாண்டியனே தன் தவற்றை ஒப்புக்கொண்டான்.

எங்கள் ஊரின் கதையும் இச்சொல்லுக்கு நல்ல உரை. 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர ராஜ்யம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவில் இருந்த திருத்தணி அதனுடன் போயிற்று. வேங்கடமே தமிழகத்தின் வட எல்லை என்று தொல்காப்பியப் பாயிரத்தைக் காட்டி, மங்கலங்கிழாரும் ம. பொ. சிவஞானமும் தமிழர் உரிமையை வலியுறுத்தி வந்தனர். ஆம், வலியுறுத்தினர்; அவ்விடத்துக்கு அதுவே சரியான வினை. அந்த வலியுறுத்தல் இல்லாவிடில் வழக்கை எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

பின்னர் நடுவராக வந்த படாஸ்கர், கிராமத்தை அலகாகக் கொண்டார். எந்தக் கிராமத்தில் எம்மொழியினர் மிகுதி, அது எந்த ராஜ்யத்தின் நிலத்தோடு தொடர்ந்து கிடக்கிறது என்று பார்த்தார். பழம்பாடலின் இடத்தில் குடிக்கணக்கு வந்து அமர்ந்தது. 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. திருப்பதி ஆந்திரத்திலேயே தங்கிற்று. செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த சத்தியவேடோ அதே தராசினால் ஆந்திரம் சென்றது. நமக்கு வேண்டியதைக் கொடுத்த கோல் வேண்டாததையும் கொடுத்தது. முன்னதை மட்டும் நிரூபணம் என்று கொண்டாடுவோருடன் நமக்கு உடன்பாடில்லை.

இச்சொல்லின் எதிர்மறையில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் மூன்று நிலைகளைப் பிரித்தது: மெய்யென நிறுவப்பட்டது, பொய்யென நிறுவப்பட்டது, இரண்டுமன்றி நிறுவப்படாதது. 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இம்மூன்றையும் காத்திருக்கிறது. வீதியிலோ மூன்றாவது நிலை மறைந்துவிடுகிறது. "குற்றம் நிரூபிக்கப்படவில்லை" என்று நீதிபதி எழுதினால், புகார் சொன்ன பெண்ணைப் பொய்க்காரி என்று அன்று மாலையே திண்ணையில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நீதிபதி அப்படி ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பொய்க்காரி என்பவர், அதற்குத் தாமே தனியாகச் சாட்சியம் கொண்டுவர வேண்டும்.